அரைக்கட்டை வித்தியாசம்

எனக்குக் காது கொஞ்சம் கூர்மை. இதை நான் சொல்லக் கூடாது, மற்றவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவர்கள் சொல்லும்வரை காத்திருக்கிற பொறுமை எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. நாகர்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தேன். கடைசி பெஞ்சில் ஒருத்தி வாய்க்குள் முணுமுணுத்தாலும், கரும்பலகையைப் பார்த்தபடியே அவள் பெயரைச் சொல்லி எழுப்பிவிடுவேன். "ஒனக்குக் காதுக்குள்ள ஹைகோர்ட்டு இருக்குட்டி, அதுக்கு மேல அப்பீலே கெடையாது" என்று எங்க வீட்டுக்காரர் கேலி செய்வார். அந்த ஹைகோர்ட்டு கொடுத்த ஒரு தீர்ப்பைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

சுனாமி வந்த வருஷம் அவர் சவுதி வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்தார். மற்ற வீடுகளில் சவுதிக்காரர்கள் வந்தால் கம்பளி வரும், செண்டு பாட்டில் வரும், தங்கம் வரும். இவர் அட்டைப்பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்தது பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு ரெக்கார்டு பிளேயர். எங்க அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் நேராகக் கட்டிலுக்கடியில் குனிந்தேன். என்னிடம் அரக்கு இசைத்தட்டுகள் நாலு சாக்கு இருந்தன, அவற்றைப் போட்டுக் கேட்க மிஷின் இல்லாமல் பதினோரு வருஷம் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சாக்குகள் வடசேரியில் எங்கள் தெருமுனையில் மைக்செட் கடை வைத்திருந்தவர் கொடுத்தவை. கோயில் கொடைகளுக்கும் கல்யாணங்களுக்கும் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டவர். கேசட் வந்ததும் தட்டுகளைப் பரணில் ஏற்றினார், கடையை மூடியபோது என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், பழைய இரும்பு எடுக்குற ஆக்கர்காரன்கூட எடுக்க மாட்டேங்கான், நீங்க கொண்டு போங்க" என்றார். நான் ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்தேன்.

பிளேயரைப் போட்டால், அய்யோ, எல்லாரும் தூக்க மாத்திரை சாப்பிட்டுவிட்டுப் பாடினார்கள். பெண்ணின் குரல் ஆணைப் போலவும் ஆணின் குரல் மாட்டைப் போலவும் இழுத்தது. சவுதிக் கரண்டு வேறு, நம்ம ஊர்க் கரண்டு வேறு, அந்த மோட்டார் இங்கே மெதுவாகத்தான் சுத்தும் என்று பிறகுதான் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த லேத் பட்டறைக்காரர் ஒரு வழி சொன்னார். மோட்டாரின் தண்டில் மோதிரம் மாதிரி ஒரு பித்தளைக் குழாயை மாட்டினால் தண்டு தடிக்கும், தட்டு வேகமாகச் சுத்தும். மூன்று மோதிரம் கடைந்தார். ஒவ்வொன்றையும் மாட்டிப் பாட்டுப் போட்டு நான் கண்ணை மூடிக் கேட்டேன். "இன்னும் கொஞ்சம்" என்றேன். "இன்னும் லேசா" என்றேன். மூன்றாவதில் குரல்கள் பளிச்சென்று எழுந்து நின்றன. "போதும், இதுதான்" என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு லேசாகிவிடும். மாடி அறையில் ஜன்னலைச் சாத்திவிடுவோம். கீழே சந்தையில் காய்கறி லாரிகள் கத்துவது தூரத்தில் எங்கோ கேட்கும். ஊசி தட்டைத் தொட்டதும் முதலில் பாட்டு வராது, ஓலைக்கூரையில் சாரல் விழுகிற சத்தம்தான் வரும். அந்தச் சாரலுக்குள்ளிருந்து ஒரு கிளாரினெட் மெல்ல எழுந்து வரும். அதன் பின்னால் தபேலா வரும், பிறகு அந்தக் குரல் வரும். மைக்கே இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாடிப் பழகிய தொண்டைகள் அவை. ஒவ்வொரு எழுத்தையும் அரிசியில் கல் பொறுக்குவது போலப் பொறுக்கி வைப்பார்கள். மூன்றரை நிமிஷத்தில் தட்டு முடிந்துவிடும். முடிந்த பிறகும் ஊசியை யாரும் உடனே எடுக்க மாட்டோம். ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு காலைப்பொழுதில் யாரோ மூச்சை இழுத்த சத்தம்கூட அந்த அறையில் மிதந்துகொண்டிருக்கும். சில நாள் நான் அப்படியே அரைத்தூக்கத்தில் போய்விடுவேன், கண்ணுக்குள் ஒரு பெரிய கூடம் தெரியும். நடுவில் ஒரே ஒரு மைக். பாடுகிற அம்மா அதற்குப் பக்கத்தில், வயலின்காரர்கள் அஞ்சடி தள்ளி, மேளம் வாசல் நடையில். வெளியே காக்கா கத்தி ஓய்வதற்காக எல்லாரும் காத்துக்கொண்டு நிற்பார்கள்.

ஏழெட்டுப் பேர் வருவார்கள், எல்லாம் பழைய பாட்டுக் கிறுக்குகள். ரிட்டயரான போஸ்ட்மாஸ்டர் ஒருவர், ஒரு ஹோமியோபதி டாக்டர், மயிலாடியில் சிலை செதுக்குகிற ஒருவர், இப்படி. எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தட்டின் பேரைக் காட்டாமல் பாட்டுக்கு முந்தின வாத்திய இசையை மட்டும் போட்டு ஊசியைத் தூக்கிவிடுவோம். என்ன பாட்டு, யார் பாடியது, எந்தக் காலத்தது, எத்தனை கட்டை சுருதி என்று சொல்ல வேண்டும். சுருதியைச் சரிபார்க்க என்னுடைய ஆர்மோனியம் பக்கத்தில் இருக்கும். நான் தோற்றதே இல்லை.

வாரந்தோறும் நான் ஒரு பிரசங்கமும் செய்வேன். தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தில் பாடினவர் பெயர் இருக்கும், படத்தின் பெயர் இருக்கும், வாசித்தவன் பெயர் இருக்காது. இந்தச் சினிமா சங்கீதத்துக்கு முதல் கல் வைத்தவர்கள் அவர்கள்தான், ஆர்மோனியத்தையும் சாக்ஸபோனையும் ஒரே பாயில் உட்கார வைத்தவர்கள். அவர்களில் ஒருத்தரையாவது கண்ணால் பார்த்துவிட்டுச் செத்தால் போதும் என்பேன். சொல்லும்போது எனக்கு உண்மையாகவே கண் கலங்கும். போஸ்ட்மாஸ்டரும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் சாப்பிடும்போது ஒரு தாலாட்டைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். ஒரு வாரம்கூட ஓடாத படம், ரேடியோவில் யாரும் போட்டதில்லை, என் சாக்கில் அந்தத் தட்டு இருக்கிறது, அதன் ஆரம்பத்தில் வருகிற தனி வயலினுக்கு எதையும் எழுதி வைக்கலாம் என்று. எதிரில் இருந்த தமிழ் டீச்சர் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரி, என்னைவிடச் சின்னவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கா, அந்த வயலின் எங்கப்பா வாசிச்சதாக்கும்" என்றாள்.

பிறகு கதையைச் சொன்னாள். அவள் அப்பா ஊர்ச் சர்ச்சில், பங்குக் கோயில் பாட்டுக்குழுவில், பாதிரியாரிடம் வயலின் படித்தவர். கல்யாணமாகி ஆறே மாதத்தில் பெண்டாட்டியை அவள் அம்மை வீட்டில் விட்டுவிட்டு மெட்ராஸ் போனார். ஸ்டுடியோவில் நாலு வருஷம் பின்வரிசையில் வாசித்தார். தனி வயலின்காரருக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள் மட்டும் அந்தத் தாலாட்டு இவர் கைக்கு வந்தது. அதற்குள் அவர் அப்பன் இறந்து, மீன்பிடி வள்ளத்தைப் பார்க்க ஆளில்லாமல் ஊருக்குத் திரும்பிவிட்டார். கையில் தட்டு கிடையாது, படத்தை ஊரில் யாரும் பார்க்கவும் இல்லை. "எங்கம்மை இண்ணைக்கும் சொல்லுவாக்கா, மெட்ராஸ்ல ஏதாவது ஓட்டல்ல எலை எடுத்திருப்பாருண்ணு. வெளையாட்டுக்குச் சொல்லுகது மாதிரி சொல்லுவா. ஆனா வெளையாட்டு இல்ல. நாலு வருஷம் ஒத்தைக்குக் கெடந்தவளுக்குத் தெரியணும்லா, அது எதுக்காகண்ணு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அம்மைக்குக் கால் சுகமில்லை, பஸ் ஏற முடியாது. "நீ போய்க் கேட்டுட்டு வா. நெசமா பொய்யாண்ணு எனக்கு வந்து சொல்லு" என்று மகளை அனுப்பியிருந்தாள். இதையும் தமிழ் டீச்சர் என்னிடம் முன்னாலேயே சொல்லியிருந்தாள். அந்த மத்தியானத்தை நம்பி என்ன இருந்தது என்று தெரியாமல் நான் பேசிவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழி கிடையாது.

எழுபத்தைந்து வயதிருக்கும் அவருக்கு. வெயிலில் கறுத்த, ஒடுங்கிய உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. துணிப்பையில் வயலின் கொண்டுவந்திருந்தார். நான் தட்டைத் துடைத்து ஊசியை வைத்தேன். சாரல் சத்தம் வந்தது. அவர் கண்ணை மூடினார். வயலின் ஆரம்பித்ததும் அவருடைய இடதுகை விரல்கள் முழங்காலில் தானாக நடந்தன. அறையில் இருந்த எல்லாரும் அந்த விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது அவர் புருவத்தைச் சுருக்கினார்.

"டீச்சர், இது ஒசந்து நிக்குவு" என்றார். "இவ்வளவு ஒசரம் இல்ல. அந்தம்மாவுக்கு அண்ணைக்குச் சளி. ரெண்டரையில தொடங்கிப் பாத்தாவ, குரல் எட்டாம ரெண்டு கட்டைக்கு எறக்குனாவ. நான் வாசிச்சது ரெண்டுல."

என் தட்டைக் குறை சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. "எங்கே, வாசிச்சுக் காட்டுங்க ஐயா" என்றேன்.

அவர் வயலினை எடுத்து, சுருதி கூட்டி, அதே வரியை வாசித்தார். ஒரு வளைவு, ஒரு குழைவு மாறவில்லை. ஆனால் அரைக்கட்டை கீழே இருந்தது. நான் ஆர்மோனியத்தை இழுத்து வைத்துக் கட்டையை அமுக்கிக் காட்டினேன். தட்டு ரெண்டரை. அவர் ரெண்டு. திரும்பவும் தட்டைப் போட்டேன், திரும்பவும் அமுக்கினேன், பத்தாம் கிளாஸ் பிள்ளைக்கு விளக்குவதுபோல.

"ஏட்டி, விடு" என்றார் எங்க வீட்டுக்காரர் மெதுவாக. நான் விடவில்லை.

"தட்டு பொய் சொல்லாது ஐயா. கேட்டுப் படிச்சவங்களுக்கு சுருதி மாறும். வாசிச்ச ஆளுக்கு மாறுமா?" என்றேன்.

என் காதை எதிர்த்துப் பேசிப் பழக்கம் அந்த அறையில் யாருக்கும் இல்லை. அவர் என்னைப் பார்த்தார், பிறகு ஆர்மோனியத்தைப் பார்த்தார். "இருக்கும் டீச்சர்" என்றார். வயலினைப் பையில் வைத்தார். கொடுத்த காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் படியிறங்கினார். மகள் காப்பியைத் தொடவே இல்லை.

மூன்று மாதம் கழித்து அவளுடைய அம்மை இறந்துபோனாள். பள்ளிக்கூடத்திலிருந்து எல்லாரும் போனோம். கோயில் முற்றத்தில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர் வந்தியளே" என்றார். எவ்வளவு நல்ல மனுஷன், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை என்று எண்ணிக்கொண்டேன். வந்து தலை முழுகிவிட்டுத் தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன்.

அடுத்த மழைக்காலத்தில் பிளேயர் கிறீச்சிட ஆரம்பித்தது. பித்தளை மோதிரம் தேய்ந்து ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. கழற்றிக்கொண்டு அதே லேத் பட்டறைக்குப் போனேன். அவர் அதை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "நிமிசத்துக்கு எத்தன சுத்து சுத்தணும், அதச் சொல்லுங்க, அளவா கடைஞ்சு தாறேன்" என்றார்.

"எழுபத்தெட்டு" என்றேன். அரக்குத் தட்டுகளுக்கு எல்லாம் அந்தக் கணக்குதான்.

"இது எத்தன சுத்திச்சு? எண்ணிப் பாத்தியளா? போன தடவ நீங்க காதாலல்லா அளந்திய."

ஒரு கணக்கு டீச்சரிடம் கேட்கிற கேள்வியா அது. ஆறு வருஷமாக நான் எண்ணவில்லை. வீட்டுக்கு வந்து, தேய்ந்த மோதிரத்தையே நிமிர்த்தி மாட்டி, என் நெற்றிப் பொட்டை எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒட்டினேன். எங்க வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டார். பொட்டு என்னைக் கடந்து போகப் போக எண்ணினேன். எண்பத்து மூன்று. திரும்ப எண்ணினேன். எண்பத்து மூன்று. காகிதத்தில் எண்பத்து மூன்றை எழுபத்தெட்டால் வகுத்தேன். ஒரு சுருதிக்கும் அதற்கு அரைக்கட்டை மேலே உள்ள சுருதிக்கும் இருக்கிற விகிதம்தான் விடையாக வந்தது, ஏறக்குறைய அப்படியே. எங்க வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிறவர், கடிகாரத்தை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

ஆறு வருஷமாக நான் கேட்டுச் சொக்கியதெல்லாம் வேகம் கூடின பாட்டு. குரல்கள் பளிச்சென்று இருந்தது நான் அவற்றை விரட்டினதால். புது மோதிரம் கடைந்து, எழுபத்தெட்டு என்று மூன்று தடவை எண்ணிவிட்டு, அந்தத் தாலாட்டைப் போட்டேன். ரெண்டு கட்டையில் நின்றது. பாட்டு இன்னும் நிதானமாக, தொட்டில் ஆடுகிற வேகத்தில், மதியத் தூக்கத்துக்குள் இறங்குவது மாதிரி இறங்கியது. கீழ் ஸ்தாயிக்குப் போகும்போது பாடுகிற அம்மாவின் குரல் லேசாகக் கம்மியது. சளி. அந்தச் சளியை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம்.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் தமிழ் டீச்சர் எதிரில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நோட்டுத் திருத்திக்கொண்டே கேட்டாள். பேனாவை மூடிவிட்டுச் சொன்னாள்: "அண்ணைக்கு பஸ்ல வரும்போ அப்பா சொன்னாருக்கா, 'டீச்சருக்குத் தெரியாம இருக்காது மக்கா. வேற ஆரோ வாசிச்சத நான் வாசிச்சதா நெனச்சிட்டேன் போல'ண்ணு. வீட்டுக்கு வந்து அம்மைகிட்டயும் அவரே சொல்லிட்டாரு. நான் சொல்ல வேண்டி வரல்ல. பெறவு கோயில்லயும் வாசிக்கல்ல."

"அம்மை என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல்ல. சோறு போட்டுக் குடுத்தா."

சனிக்கிழமை எங்க வீட்டுக்காரரின் செல்போனில் பாட்டைப் பதிந்து எடுத்துக்கொண்டு வடசேரியில் பஸ் ஏறினேன். கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிற சின்ன வீடு. வாசலில் கறுத்த மணல், காற்று கதவைத் தள்ளிக்கொண்டே இருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார், நான் கையைக் காட்டி உட்கார வைத்தேன்.

"நீங்க சொன்னதுதான் சரி ஐயா. ரெண்டு கட்டை. தப்பு என் மிஷின்ல, அதைவிட என் காதுல. பெரிய தப்பு பண்ணிட்டேன்" என்றேன்.

அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. மகள் ஜன்னலைச் சாத்தினாள், கடல் சத்தம் அடங்கியது. போனை அவர் காதோரம் பிடித்துப் பாட்டைப் போட்டேன். வயலின் தொடங்கியதும் அவர் என் கையோடு சேர்த்துப் போனைப் பிடித்துக்கொண்டார். முழுப் பாட்டையும் கேட்டார். முடிந்து வெறும் சாரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தபோதும் கையை எடுக்கவில்லை.

"நான்தான்" என்றார் தனக்குத்தானே. பிறகு என்னிடம், "கிளாரினெட் வாசிச்சவன் பாலக்காட்டுக்காரன், டீச்சர். எனக்குப் பக்கத்துல ரெண்டாவது வயலின், அவன் ஒரு ஆங்கிலோ இந்தியன், ஷூவக் கழட்டி வச்சிட்டுத்தான் வாசிப்பான், காலத் தட்டுனா மைக்குல விழுமாம். தபேலாக்காரன் அண்ணைக்கு நோம்பு" என்று ஒவ்வொருவராகச் சொன்னார். பெயர்களோடு சொன்னார். பதினோரு பேர். ஒருவர் விடாமல் அவருக்கு ஞாபகம் இருந்தது. இந்த மனுஷனைத்தான் மறந்துபோனவர் என்று நான் நம்ப வைத்திருந்தேன்.

சொல்லி முடித்ததும் சுவரில் மாலை போட்டிருந்த அவர் மனைவியின் போட்டோவைப் பார்த்தார்.

"இவ இருந்தப்ப வந்திருக்கலாம் டீச்சர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்த மகள் வந்து கட்டிலுக்குக் கீழே, அவர் காலருகில் உட்கார்ந்தாள்.

"நீங்க வாசிச்சத நான் கேட்டேன்லா அப்பா" என்றாள்.

அவர் குனிந்து அவளைப் பார்த்தார். "கேட்டியா?"

"கேட்டேன்."

பிறகு, ஸ்டுடியோவில் வாசித்து முடித்துவிட்டு வெளியே வருகிற ஒரு ஆள் கேட்கிற மாதிரி, கூச்சத்தோடு கேட்டார்.

"நல்லா இருந்திச்சா மக்கா?"